தீபாவளி முதல் பொங்கல் வரை: குறைத்த எடையைக் காப்பது எப்படி?

எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்ததைக் காப்பது வேறொரு வேலை. குறைக்கும் மாதங்களில் எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பார்ப்பவர்களெல்லாம் "நல்லா இளைச்சுட்டீங்களே" என்பார்கள். அந்தப் பேச்சே அடுத்த வாரத்துக்குத் தெம்பு. காக்கும் காலத்தில் எண் அசையாமல் நிற்பதுதான் பலன், அதை யாரும் கவனித்துப் பாராட்டுவதில்லை. கவனம் தளரும் அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜைப் பொரி, தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரி உருண்டை, கிறிஸ்துமஸ் கேக், பொங்கல், தை மாதக் கல்யாணங்கள் என்று வரிசை கட்டி வருகின்றன. ஐந்து கிலோவோ பதினைந்து கிலோவோ குறைத்து முடித்துவிட்டு, இந்தப் பருவத்தை எப்படித் தாண்டுவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக உள்ளே போக வேண்டும். தீபாவளியன்று வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால்கூட, அது 200 கிராம் கொழுப்புக்குத்தான் சமம். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில், ஆண்டைப் பொறுத்து, 9 முதல் 12 வாரம் வரை இருக்கிறது. அதில் 70 நாட்கள், நாளுக்கு வெறும் 200 கலோரி கூடினால் 14,000 கலோரி, கணக்குப்படி 1.8 கிலோ. 200 கலோரி என்பது 40 கிராம் மிக்சர். டிவி பார்த்தபடி இரண்டு பிடி அள்ளினால் முடிந்தது. எடையை ஏற்றுவது பண்டிகை நாள் அல்ல. பலகாரம் சுடும் வாரமும், டப்பா காலியாகும் வரையிலான வாரங்களும்தான் ஏற்றுகின்றன. இந்தப் பதிவில் உள்ள எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவைதான்.

அமெரிக்காவில் 195 பேரைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரையிலான விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோதான். கேட்பதற்குச் சின்ன எண். கவலைக்குரிய செய்தி அதற்கு அடுத்த வரியில் இருந்தது: ஏறிய அந்த எடை, அதன் பின் வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஒட்டிக்கொள்வதுதான் நாற்பது வயதில் திரும்பிப் பார்க்கும்போது எட்டுக் கிலோவாகத் தெரிகிறது.

உடல் பழைய எடையைத் தேடும்

எடை குறைத்தவர்கள் "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பசிக்கிறது, எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையோ" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அந்தப் பசி கற்பனை அல்ல. 2011-ல் மெல்பர்ன் ஆய்வாளர்கள், அதிக எடையுள்ள 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைக்கச் செய்து, ஓராண்டு கழித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. உடலில் கொழுப்பு இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் அப்போதும் தாழ்ந்தே இருந்தது. 2016-ல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் இதற்கு ஓர் அளவைச் சொன்னார்கள். இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. சாப்பிடும் உந்துதலோ ஏறக்குறைய 100 கலோரி கூடுகிறது.

இதன் நடைமுறைப் பொருள் இதுதான்: பத்துக் கிலோ குறைத்தவரின் அன்றாடத் தேவை, பழைய தேவையைவிட 200 முதல் 300 கலோரி குறைவு. "டயட் முடிஞ்சுது, இனி நார்மலா சாப்பிடலாம்" என்று பழைய தட்டுக்குத் திரும்பினால், பழைய எடைக்கும் திரும்பத்தான் வேண்டும். இடைவெளி பெரியது அல்ல. இரண்டு இட்லி, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி, ஒரு காப்பி, அவ்வளவுதான். அந்த இடைவெளியை நிரந்தரமாக எங்கே ஒதுக்கி வைப்பது என்று சாதாரண நாட்களிலேயே முடிவு செய்துவிட்டால் பண்டிகை நாட்கள் எளிதாகும்.

அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் 1994-ல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்கள் மட்டும் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், பெரும்பாலோர் காலை உணவைத் தவற விடுவதில்லை. தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் இது என்பதால், இந்தப் பழக்கங்கள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஜெயித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் பயன் உண்டு.

எடை மெஷின்: எப்படிப் பார்ப்பது, எப்போது பயப்படுவது

ரீனா விங் குழுவினர் 2006-ல் வெளியிட்ட சோதனையை இந்தத் துறையில் மிகவும் பயனுள்ள ஒன்றாகக் கருதுகிறேன். எடை குறைத்த 314 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதம் கவனித்தார்கள். வெறும் செய்திமடல் பெற்ற பிரிவில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறிவிட்டது. தினமும் எடை பார்த்து, ஏறினால் என்ன செய்வது என்று நேரில் கூடிக் கற்றுக்கொண்ட பிரிவில் அது 46 சதவீதம். அவர்களுக்குச் சொல்லித் தந்தது எளிய வண்ணக் கணக்கு. தொடக்க எடையிலிருந்து 1.4 கிலோ வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு.

நம் வீட்டில் இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் காக்க நினைக்கும் எடை 70 கிலோ என்றால், 71.4 வரை பச்சை. எதையும் மாற்ற வேண்டாம். 71.4-க்கும் 72.3-க்கும் இடையில் மஞ்சள். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துவிடுங்கள்: சாயங்காலத் தீனி, காப்பி டீயில் சர்க்கரை. 72.3-ஐத் தாண்டினால் சிவப்பு. எடை குறைத்த காலத்தில் எந்த உணவுமுறை உங்களுக்குப் பலன் தந்ததோ அதற்கே மூன்று வாரம் திரும்பிப் போங்கள். புதிதாக எதையும் தேடாதீர்கள்; பேலியோவில் குறைத்தவர் திடீரென்று ஜூஸ் டயட்டுக்குத் தாவுவதால் நேரம்தான் வீணாகும்.

மெஷினை டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில் வையுங்கள். பாய், மிதியடி மேல் வைத்தால் எண் தவறும். காலையில் கழிவறை போய் வந்த பின், காப்பி குடிக்கும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் ஏறுங்கள். எண்ணை மாதக் காலண்டர் கட்டத்திலேயே எழுதிவிடலாம். ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஏழு நாள் சராசரியை எடுங்கள். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒன்று, ஒன்றரைக் கிலோகூடக் காட்டக்கூடும். அவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை மெஷின் 1.5 கிலோ கூட்டிக் காட்டுவது மிகவும் சாதாரணம். அது கொழுப்பு அல்ல. சர்க்கரையும் மாவும் உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. முறுக்கிலும் மிக்சரிலும் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. குடலில் செரியாமல் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எண்ணைப் பார்த்து "எல்லாம் போச்சு, இனி பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று மெஷினையே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நான்கைந்து நாளில் அந்தத் தண்ணீர் இறங்கிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் நிற்பதுதான் உண்மையான ஏற்றம். அதை வைத்து வண்ணத்தை முடிவு செய்யுங்கள்.

தினமும் எடை பார்ப்பது சிலருக்கு மனதைக் கெடுக்கும். முன்பு உணவு தொடர்பான மனச்சிக்கல் இருந்தவர்கள் மெஷினை விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை இடுப்பளவு எடுக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். இந்தியர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. உடையை வைத்து அறிவதானால் அளவெடுத்துத் தைத்த ரவிக்கையின் கொக்கியையும் பேன்ட் பட்டனையும் நம்புங்கள். வேட்டி, நைட்டி, எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட் மூன்றும் நான்கு கிலோ ஏறினாலும் காட்டிக் கொடுக்காது.

சாதாரண நாட்களின் தட்டு

பண்டிகை நாட்களைக் காப்பாற்றுவது சாதாரண நாட்கள்தான். ஆண்டில் முந்நூறு நாட்களுக்கு மேல் அவைதான்.

அரிசியை வடித்த பிறகு அளக்காமல், உலையில் போடும் முன்பே அளந்துவிடுங்கள். ஓர் ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம், 490 கலோரி. அது இரண்டு பேருக்கு ஒரு வேளை. ஒருவருக்கு 70 கிராம் அரிசி வெந்தால் 180, 200 கிராம் சோறாகும்; சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் பிரித்துக்கொள்ளப் போதும். குக்கரில் மிச்சம் இருந்தால் கரண்டி தானாகப் போகும் என்பதால் பானையில் கட்டுப்படுத்துவதே வழி.

எண்ணெய்க்கு மாதக் கணக்கு சரியாக வரும். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 17 மில்லி, 150 கலோரி. நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். மூன்றாவது லிட்டரை வாங்க வேண்டி வந்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தோசைக்கல்லும் தாளிப்பும்தான். பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் வீட்டில் அளவு எப்போதும் கூடும். அடுப்பருகில் ஐந்து மில்லி ஸ்பூன் ஒன்று கிடந்தாலே போதும். தேங்காய்ச் சட்னியில் ஒருவர் பங்குக்கு 25 கிராம் தேங்காய்த் துருவல் போனால் 90 கலோரி. அதையே தக்காளி, கொத்தமல்லி, புதினாச் சட்னியோடு நாள் விட்டு நாள் மாற்றிக்கொள்ளலாம்.

காப்பியில் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். ஆரஞ்சுப் பாலில் 100 மில்லியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஒரு டம்ளர் 125 கலோரிக்கு மேல். நீலப் பாலில் அரை ஸ்பூன் சர்க்கரையோடு குடித்தால் 70. நாளுக்கு மூன்று டம்ளர் குடிப்பவருக்கு அங்கேயே 165 கலோரி மிச்சம். முன்னே சொன்ன 200, 300 கலோரி இடைவெளியில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிட்டது. நான் முதலில் கைவைக்கச் சொல்வது எப்போதும் காப்பியில்தான், ஏனென்றால் மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய காப்பிதான் திகட்டும்.

புரதத்தில் நம் சைவச் சமையல் பின்தங்குகிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நினைக்கிறோம்; ஒருவர் பங்குச் சாம்பாரில் 15, 20 கிராம் பருப்புதான் இருக்கும், அதில் நான்கைந்து கிராம் புரதம்தான். எடை குறைத்தவர், சிறுநீரகக் கோளாறு இல்லாதவராக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை இலக்கு வைக்கலாம். 70 கிலோ என்றால் 70, 80 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கிண்ணம் தயிரில் 6, மீனோ கோழியோ 100 கிராமில் 20, உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராமில் 13, கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் சுமார் 10. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 773 பேரிடம் நடந்து 2010-ல் வெளிவந்த டயோஜீன்ஸ் சோதனையில், புரதம் சற்று மிகுதியாகவும் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் மாவுப்பொருளாகவும் சாப்பிட்டவர்கள்தான் குறைத்த எடையை நன்றாகக் காத்தார்கள். நவராத்திரிச் சுண்டல் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த வரம். ஒன்பது நாளும் கொலு வீடுகளில் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பழக்கத்தை மறுபடி அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடுகிறோம். வாரம் மூன்று நாள் மாலை நான்கு மணிக்குச் சுண்டல் இருந்தால் ஏழு மணி மிக்சருக்கு இடமே இருக்காது.

மழைக்காலம் நடையை நிறுத்தும்

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பலகாரம் கூடும் அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை காலை நடை அடிக்கடி தடைபடும். பத்து நாள் நின்றால் பிறகு தொடங்க மனம் வராது. வெளியே போக முடியாத நாளுக்கு என்ன செய்வது என்று மழைக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் மாடிப்படி: மூன்று மாடி ஏறி இறங்குவதை இடைவெளி விட்டு ஆறேழு முறை. மூட்டு வலி இருப்பவர்கள் படி இறங்குவதைத் தவிர்த்து, கூடத்திலிருந்து சமையலறை வரை பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு நடக்கலாம். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தண்டால், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, ஒவ்வொன்றும் 12 முறை, மூன்று சுற்று. எடையோடு சேர்ந்து குறைந்த தசையை மீட்க இதுவே வழி. நடை மட்டும் போதாது.

நடையால் பலகாரத்தை எரித்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி; சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் பங்கைக் கழித்தால் 90 கூடத் தேறாது. நடை வேண்டியது பசியும் தூக்கமும் ஒழுங்காக இருக்க, எடை நிலையாக நிற்க. அதற்கு வாரம் 200 முதல் 300 நிமிடம் தேவை என்பது விளையாட்டு மருத்துவர்களின் பரிந்துரை. மார்கழி பிறந்ததும் விடியற்காலை பஜனையோடு மாட வீதி சுற்றும் பழக்கம் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். வெண்பொங்கல் பிரசாதத்தைத் தொன்னையளவோடு நிறுத்தினால் நடை உங்களுக்கு லாபம்.

பலகாரம் சுடும் வாரம்

இனி பருவத்தின் மையத்துக்கு வருவோம். தீபாவளிப் பலகாரத்தில் மூன்று முடிவுகள் எடை விஷயத்தைத் தீர்மானிக்கின்றன: எவ்வளவு சுடுவது, எப்போது சுடுவது, எங்கே வைப்பது. எதைச் சுடுவது என்பது நான்காவதுதான்.

பத்து நாள் முன்னரே முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தால் தீபாவளிக்குள் ஒரு டின் காலி, பிறகு இன்னொரு ஈடு. இரண்டு நாள் முன்பு சுடுங்கள். நால்வர் வீட்டுக்குக் காரம் ஒன்று, இனிப்பு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மிகாமல். அக்கம்பக்கம் கொடுக்க வேண்டியதையும் அதற்குள்ளேயே கணக்கிட்டு, கொடுப்பதைத் தீபாவளிக் காலையிலேயே கொடுத்து முடியுங்கள். வாட்ச்மேன், தூய்மைப் பணியாளர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பேப்பர் போடும் தம்பி எல்லோருக்கும் புதுசாக, பண்டிகையன்றே போய்ச் சேர வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் காறல் வாடை அடிக்கும்போது கொடுப்பது மரியாதையும் இல்லை, அதற்குள் உங்கள் வயிற்றில் பாதி போயும் இருக்கும்.

சுடும்போது வாயில் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு பார்க்க ஒன்று, பதம் பார்க்க ஒன்று, உடைந்தது வீணாகக் கூடாதென்று நான்கு. நல்லெண்ணெய் முறுக்கோ கடலெண்ணெய் முறுக்கோ 100 கிராம் ஏறக்குறைய 500 கலோரி. உடைசலிலேயே ஒரு வேளைச் சாப்பாடு போய்விடும். வெறும் வயிற்றோடு அடுப்பு முன் உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்து, பக்கத்தில் ஒரு சொம்பு மோர் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பதம் பார்க்கும் வேலையை எடை குறைக்காத ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம், பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஆறியதும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் பரணில் வையுங்கள். சாப்பாட்டு மேசையில் கண்ணாடி ஜாடியில் வைத்தால் கடந்து போகும்போதெல்லாம் கை நீளும். சாப்பிடும்போது தட்டில் எடுத்துவைத்து, உட்கார்ந்து, டப்பாவை மூடிவிட்டுச் சாப்பிடுங்கள். நின்றபடி டப்பாவிலிருந்து நேராக எடுத்தால் எத்தனை என்று ஒருபோதும் தெரியாது.

இனிப்பில் ஏமாற்றம் தருபவை "ஆரோக்கிய" இனிப்புகள்தான். நெய் மைசூர்பாகுவுக்குக் கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 200, நெய் 200 என்று வைத்தால் மொத்தம் மூவாயிரம் கலோரியை நெருங்கும். பதினைந்து துண்டு போட்டால் ஒன்று 200. இதில் சர்க்கரையை வெல்லமாகவோ நாட்டுச் சர்க்கரையாகவோ மாற்றினாலும் கலோரி ஏறக்குறைய அதே அளவுதான். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்டு "சுகர் ஃப்ரீ" என்று விற்றாலும் நெய்யின் 1,800 கலோரி அப்படியே இருக்கிறது. தினை அதிரசம், கம்பு லட்டு எல்லாவற்றுக்கும் இதே கதை. சிறுதானியமும் அரிசியும் கிராமுக்குக் கிராம் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்று. "இது நல்லதுதானே" என்ற எண்ணத்தில் இரண்டு கூடுதலாகப் போவதுதான் மிச்சம். அதைவிட, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை, நல்ல நெய்யில் செய்ததை, ஒன்று முழுதாக ரசித்துச் சாப்பிடுங்கள். பிடிக்காத நான்கை மரியாதைக்காகச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். கம்பெனியில் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸ் அந்தப் பிடிக்காத நான்கில்தான் பெரும்பாலும் வரும்.

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து லேகியம் தின்று, இட்லியும் குழம்பும் வயிறாரச் சாப்பிடுங்கள். கறிக்குழம்பு வைக்கும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது, புரதம் பசியை மதியம் வரை தாங்கும். "மதியம் விருந்து இருக்கே, காலையில வேண்டாம்" என்று பட்டினி கிடப்பவர்கள்தான் பதினோரு மணிக்கு இனிப்புத் தட்டு முன் நிற்கிறார்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்தப் பட்டினி ஆபத்தும்கூட, சர்க்கரை தாழ்ந்துவிடும்.

உபசரிப்பை மறுப்பது நம் ஊரில் ஒரு கலை. "டயட்ல இருக்கேன்" என்ற சொல் வந்ததும் வீடே திரண்டு உங்களுக்கு அறிவுரை சொல்லும். முதல் ஒன்றை மகிழ்ச்சியாக வாங்கிச் சாப்பிட்டு, செய்தவரைப் பாராட்டுங்கள். "சித்தி, பாகுபதம் அருமையா வந்திருக்கு. இன்னைக்கு இது போதும், நாளைக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்." பாராட்டு கிடைத்ததும் வற்புறுத்தல் பாதியாகிவிடும். கையில் காப்பி டம்ளரோ தண்ணீர்ச் சொம்போ இருந்தால் தட்டு நீட்டுபவர்களும் அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

பிரிட்டனில் 2016, 2017 கிறிஸ்துமஸ் காலங்களில் 272 பேரிடம் நடந்த சோதனையில், அடிக்கடி எடை பார்ப்பது, பத்துச் சின்னக் குறிப்புகள், ஒவ்வொரு பண்டத்தையும் செலவழிக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றைத்தான் ஒரு பிரிவுக்குக் கொடுத்தார்கள். வெறும் துண்டறிக்கை பெற்ற மற்றப் பிரிவோடு ஒப்பிட்டால் முடிவில் சுமார் அரைக் கிலோ வித்தியாசம். ஒரே பண்டிகைக் காலத்தில், விருந்து எதையும் விடாமல், அரைக் கிலோ என்பது நல்ல பலன்.

பந்தி

ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் முகூர்த்தமாகப் போக வேண்டியவர்களுக்குப் பந்தியில் ஓர் ஒழுங்கு உதவும். இலையில் பொரியல், கூட்டு, பச்சடி வைத்ததும் சோறு வரும் வரை அவற்றைச் சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். கேட்டால் கூட்டு இரண்டாம் முறையும் போடுவார்கள். சோறு போடும்போதே "கொஞ்சமா போதும்ணே" என்று இலைக்கு மேல் கையைக் காட்டுங்கள். போட்ட பிறகு ஒதுக்குவது வீண். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அதே சோற்றைப் பங்கிடுங்கள். வத்தக்குழம்புக்கென்று தனிச்சோறு வாங்காவிட்டாலே நூறு கலோரிக்கு மேல் குறையும். இனிப்பு, பாயசம், ஐஸ்கிரீம், பீடா நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணக் காலை டிபன் மதிய விருந்தைவிட மோசம்: கேசரி, வெண்பொங்கல், வடை, பூரி, மசால் தோசை எல்லாம் ஒரே இலையில். இட்லி, ஒரு வடை, ஒரு கரண்டி பொங்கல் என்று நிறுத்துங்கள்.

ஊருக்குப் போகும் இரவுப் பேருந்துகளில் நெடுஞ்சாலை மோட்டல் பரோட்டாதான் வில்லன். பொடி தடவிய இட்லி, வேகவைத்த கடலை, இரண்டு கொய்யாப்பழம் பையில் இருந்தால் பணமும் மிச்சம்.

மார்கழி கடந்து பொங்கல்

கார்த்திகைப் பொரி உருண்டை காற்றடைத்தது, பார்வைக்குப் பெரியது, இரண்டு சாப்பிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டு பிளம் கேக்கும் அப்படித்தான், ஒரு துண்டாக இருக்கும் வரை. சென்னையில் சபா கேன்டீன்களுக்குப் போகிறவர்கள் கச்சேரிக்கு முன்பா பின்பா, ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்.

பொங்கலுக்கு மறுபடி ஒரு கணக்கு. பச்சரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 25, வெல்லம் 150, நெய் 40, முந்திரி 20 என்று வைத்தால் 1,450 கலோரி. ஐந்து பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 290, அதாவது ஒரு வேளை இனிப்பு என்றில்லாமல் ஒரு சிறு சாப்பாடு. அதனால் அன்று காலைச் சர்க்கரைப் பொங்கலை இனிப்பாக அல்லாமல் சோறாகவே எண்ணி, கூடவே வெண்பொங்கலை விட்டுவிட்டுக் காய்க்குழம்பும் ஒரு வடையும் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். தை முதல் நாளில் ஏழு காய், ஒன்பது காய் போட்டுக் குழம்பு வைக்கும் வழக்கம் இருக்கும் வீட்டில், அந்தக் குழம்பில் சோற்றைவிடக் காயை அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பைக் கடித்துத் தின்னுங்கள்; ஒரு கழியை மென்று முடிக்கும் நேரத்தில் நான்கு கிளாஸ் சாறு குடித்துவிடலாம், அதுதான் சாற்றின் ஆபத்து.

மருத்துவரிடம் பேச வேண்டியவை

செமாகுளூட்டைட், டிர்செபடைட் போன்ற ஊசிகளால் எடை குறைத்தவர்கள் இப்போது இங்கும் இருக்கிறார்கள். இரண்டாவது மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. செமாகுளூட்டைட்டை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று ஒரு பெரிய சோதனையின் தொடர்ச்சி காட்டியிருக்கிறது. "பண்டிகைக்கு நல்லா சாப்பிடணும்" என்று ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி எடுக்கும் நாட்களில் எண்ணெய்ப் பலகாரம் மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கைந்து நாளில் இரண்டு மூன்று கிலோ ஏறி, கூடவே கால் வீக்கமோ படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் அதற்கும் பலகாரத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணி உடனே மருத்துவரைப் பாருங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். உணவில் மாற்றமே இல்லாமல் மாதக்கணக்கில் எடை ஏறினால் தைராய்டு சோதனை செய்யலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி சோதனையை ஜனவரி கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால், தீபாவளிக்குப் பின் தொடங்கிப் பொங்கல் வரையிலான காலம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். காலண்டரில் எழுதிய எடைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த வாரத்தில் ஏறியது, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வதற்கு அது உதவும்.